தள்ளிப்போடும் மாத்திரையும் எட்டு நாள் தலைவலியும்: மூளைச் சிரைகளில் ரத்த உறைவு, ஒரு நிகழ்வு ஆய்வு

தென் மாவட்டம் ஒன்றில் சிறு நகர மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். எங்களிடம் வந்து, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ஏறக்குறையக் குணமாகித் திரும்பிய ஒரு பெண்ணின் நிகழ்வு இது. எழுத அவரும் அவருடைய கணவரும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவர்களும் செவிலியர்களும் மட்டுமல்ல, மருந்துக்கடை வைத்திருப்பவர்களும் திருவிழாவுக்குத் தேதி பார்க்கும் பெண்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பின்னணி

வயது 34. வீட்டிலேயே தையல் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டார். இந்தக் கடைசித் தகவலை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் ஆன பெண்ணிடம் யாரும் ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேட்பதில்லை.

மாதவிடாய் ஏழெட்டு நாள் நீடிக்கும், போக்கும் அதிகம். அதனால் ரத்தசோகை பல வருடமாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மலச்சிக்கல் வருகிறது என்று பாதியில் விட்டுவிட்டார். இளவயதிலிருந்தே எப்போதாவது ஒற்றைத் தலைவலி வரும். ஒரு பக்கமாகத் தெறிக்கும், வாந்தி வரும், இருட்டறையில் ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் கிடையாது.

அந்தச் சித்திரையில் ஊர்க் கோயில் கொடை. முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்திருந்தார். ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம், சுடுகிற வெயில், வீட்டில் விருந்தாளிகள். தண்ணீர் குடித்த நினைவே இல்லை என்று பிறகு சொன்னார்.

முதல் எட்டு நாட்கள்

கொடை செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை தலைவலி தொடங்கியது. முதலில் பிடரியில் லேசான கனம், சாயங்காலத்துக்குள் தலை முழுவதும். வெயிலில் நின்றது, பட்டினி கிடந்தது என்று காரணம் சொல்ல நிறைய இருந்தது. தைலம், பாராசிட்டமால், சுக்குக் காப்பி என்று இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் மருந்துக்கடையில் ஒற்றைத் தலைவலிக்கான கூட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். பழைய தலைவலி என்றால் அதோடு அடங்கியிருக்கும். அடங்கவில்லை. நான்காம் நாள் பக்கத்து கிளினிக்கில் காட்டினார்கள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை. ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். நான்கு நாள் தலைவலி, முன்பே அந்த நோய் இருப்பவர், விரதம், வெயில் என்று பார்த்தால் அந்த முதல் முடிவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊசிக்குப் பிறகும் மறுநாளே தலைவலி திரும்பியபோது கேள்வி மாறியிருக்க வேண்டும். "இது உங்கள் பழைய தலைவலி மாதிரியே இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். இது ஒரு பக்கமாக இல்லை, தெறிக்கவும் இல்லை. ஒரு நிமிடம்கூட விடாமல், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கூடிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் நாள் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தார்கள். ஆறாம் நாள் அதே கிளினிக்கின் சீட்டோடு ஸ்கேன் மையத்தில் சி.டி. எடுத்தார்கள். சீட்டில் எழுதியிருந்தது "தலைவலி" என்ற ஒரே சொல். மருந்து ஏற்றாமல் எடுத்த வெறும் சி.டி. அது. "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தலைக்குள் கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, அப்புறம் என்ன என்று நினைத்துவிட்டார்கள். அந்த நிம்மதியில் இன்னும் இரண்டு நாள் போனது.

எட்டாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். இரவெல்லாம் தூங்கவில்லை, மூன்று தடவை வாந்தி.

பார்த்ததும் கேட்டதும்

முதலில் கண்ணில் பட்டது அவருடைய நெற்றி. தைலம் தேய்த்துத் தேய்த்து இரண்டு பொட்டிலும் தோல் கறுத்து உரிந்திருந்தது. தலைவலியின் கடுமையைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதுகிறோம். அந்த எண்ணிக்கையைவிடத் தோல் தெளிவாகச் சொல்லியது.

கட்டிலில் படுக்கச் சொன்னோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான்கு நாளாகப் படுக்கவே முடியவில்லையாம். தையல் மெஷின் மேசையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். இருமினால், முக்கினால் வலி மண்டையைப் பிளக்கிறது. குனிந்து எதையாவது எடுத்தால் சில நொடிகள் கண் இருட்டி, பிறகு தெளிகிறது. கண்ணாடிக் கடைக்குப் போனதும் இதற்காகத்தான். ஆனால் அங்கே "மங்கலாகத் தெரியுது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

படுத்தால் கூடும் வலி, இருமினால் கூடும் வலி, குனிந்தால் இருட்டும் பார்வை. மூன்றும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர் படுத்துக்கொள்ளத்தான் இடம் தேடுவார்.

காய்ச்சல் இல்லை, கழுத்து விறைப்பு இல்லை. பேச்சு தெளிவு. கைகால் பலம் சமமாக இருந்தது. ரத்த அழுத்தம் 130/80. ஹீமோகுளோபின் 8.4. அறையை இருட்டாக்கி ஆஃப்தால்மோஸ்கோப்பில் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பின் முகப்பு வீங்கி, விளிம்பு கலைந்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறியிருப்பதற்கு நேரடிச் சாட்சி அது. இரண்டு நிமிட வேலை, கையடக்கக் கருவி. அந்த எட்டு நாளில் அவருடைய கண்ணுக்குள் யாரும் பார்த்திருக்கவில்லை.

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கேள்வி

"மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டேன். தலைவலி மாத்திரையைத் தவிர எதுவும் இல்லை என்றார். கணவரும் கணவருடைய அண்ணனும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

எங்கள் மூத்த செவிலியர் ஆண்களை வெளியே நிற்கச் சொல்லித் திரைச்சீலையை இழுத்துவிட்டார். நானும் விலகினேன். அவர் கேட்டது வேறு கேள்வி:

"ஏம்மா, கடைசியா எப்ப தலைக்குக் குளிச்ச?"

"இந்த மாசம் இன்னும் இல்ல சிஸ்டர். கொடைக்காகத் தள்ளிப் போட்டிருக்கேன்."

"எப்படித் தள்ளிப் போட்ட?"

"மதினி கடையில வாங்கிட்டு வந்தாங்க. நாளைக்குப் பெரியத்தான் வீட்டுப் பால்காய்ப்பு. அது முடியட்டும்னு இன்னும் சாப்பிட்டுட்டுதான் இருக்கேன்."

"டாக்டர் மாத்திரை கேட்டாரே, ஏன் சொல்லல?"

"அது நோய்க்கு இல்லையே சிஸ்டர். அவங்க எல்லாம் நிக்கும்போது எப்படிச் சொல்ல?"

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். நோரெத்திஸ்டெரோன் 5 மி.கி. நாளுக்கு மூன்று வீதம் 16 நாளாக, கிட்டத்தட்ட ஐந்து அட்டை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை.

அவர் பொய் சொல்லவில்லை. நோய்க்குச் சாப்பிடுவதுதான் மருந்து, இது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான் என்று மனதில் வைத்திருந்தார். அதைக் கணவர், பெரியத்தான், முன்பின் தெரியாத டாக்டர் முன்னால் சொல்வதற்குக் கூச்சம். இந்த இரண்டையும் தாண்டிப் பதில் வரவழைக்க "மாத்திரை உண்டா?" என்ற கேள்வியால் முடியாது. மாதவிலக்குத் தேதியைத் தனியாகக் கேட்டால்தான் வரும்.

என்ன சந்தேகப்பட்டோம், ஏன்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அடைபட்டால் பக்கவாதம் வரும் என்பது பலருக்குத் தெரியும். மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளும் அடைபடலாம். அந்தச் சிரைகள் மண்டையோட்டை ஒட்டி ஓடும் பெரிய சிரைப்பைகளில் சேர்ந்து, அங்கிருந்து கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குத் திரும்புகின்றன. நடு உச்சி நெடுக ஓடுவது அவற்றில் முக்கியமானது. மூளையைச் சுற்றியுள்ள நீரும் பெரும்பாலும் இங்கேதான் ரத்தத்தோடு கலக்கிறது. இந்தப் பாதையில் ரத்தம் உறைந்தால் ரத்தமும் நீரும் பின்னுக்குத் தேங்கி அழுத்தம் ஏறும். தலைவலியும் பார்வை நரம்பு வீக்கமும் அதனால் வருபவை. தேக்கம் மூளைத் திசுவையே பாதிக்கும் நிலைக்குப் போனால் வலிப்பு, கைகால் பலவீனம், ரத்தக்கசிவு.

அரிய நோய்தான். ஆனால் வருகிறவர்களில் இளம் பெண்களும் நடுவயதுப் பெண்களும் அதிகம். 2004ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 624 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். நான்கில் மூன்று பேர் பெண்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத் தலைவலி இருந்தது. சிலருக்குத் தலைவலி மட்டுமே அறிகுறியாக இருக்கும். அது ஒரே மாதிரியும் இருக்காது. பெரும்பாலும் நாட்கணக்கில் மெல்ல ஏறும். சிலருக்கு இடி விழுந்ததுபோல ஒரே நொடியில் வரும். சிலருக்கு ஒற்றைத் தலைவலி மாதிரியே நடிக்கும்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்கள், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, பிறவியிலேயே ரத்தம் எளிதில் உறையும் தன்மை, காது அல்லது சைனஸ் தொற்று, புற்றுநோய், உடலில் நீர் வற்றுவது, ரத்தசோகை ஆகியவை முக்கியமான காரணங்கள். நோரெத்திஸ்டெரோன் புரோஜெஸ்டிரோன் வகை, அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் அதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடையாலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் அது. மிகக் குறைந்த அளவில் சாப்பிடும்போது இது பொருட்டில்லை. மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சாப்பிடும் 15 மி.கி. அளவில் பொருட்படுத்த வேண்டியதாகிறது. அதோடு விரதம், நீர்ச்சத்துக் குறைவு, ரத்தசோகை. இவரிடம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்திருந்தன.

சி.டி. நார்மல் என்றிருக்கிறதே? வெறும் சி.டி.யில் சிரை உறைவின் நேரடி அடையாளம் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்து, அதோடு சிரைகளை மட்டும் காட்டும் எம்.ஆர்.வி.யும் எடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் சாயமருந்து ஏற்றிச் சிரைகளைக் காட்டும் சி.டி. எடுக்கலாம்.

எடுத்த முடிவுகள்

எங்களிடம் எம்.ஆர்.ஐ. இல்லை. எங்களிடமே சேர்த்துக்கொண்டு, பகலில் நகரத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்துவரச் சொல்வது ஒரு வழி. அதை ஒதுக்கினோம். சந்தேகம் சரியாக இருந்தால் வழியிலேயே வலிப்பு வரலாம், நிலைமை மோசமானால் மண்டையோட்டைத் திறக்கும் அறுவைகூடத் தேவைப்படலாம். நரம்பியல் பிரிவும் நரம்பு அறுவைப் பிரிவும் ஒரே கூரையில் இருக்கும் இடத்துக்கு நேராகப் போவதே சரி. முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்ப்பதை ஸ்கேனுக்கு முன்னால் செய்யவில்லை. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தையும் படம் பார்க்காமல் தொடங்க வேண்டாம் என்று தொலைபேசியில் நரம்பியல் மருத்துவர் சொன்னார். ஒரு மணி நேரத் தொலைவுதான் என்பதால் அது சரியாகப் பட்டது.

தள்ளிப்போடும் மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்தினோம். சலைன் ஏற்றினோம். தலைமாட்டை உயர்த்தி வைத்தோம். வலிப்பு வந்தால் போட ஊசி மருந்தை எடுத்துக் கொடுத்து, கூடப் போகும் செவிலியரிடம் அளவையும் எழுதிக் கொடுத்தோம்.

கணவரைச் சம்மதிக்க வைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சே சார். நாளைக்கு அண்ணன் வீட்டு விசேஷம். அது முடிச்சு கூட்டிட்டுப் போறேனே" என்றார். அவர் அக்கறை இல்லாதவர் இல்லை. இரவெல்லாம் மனைவியின் தலையைப் பிடித்துவிட்டவர். அவர் விவசாயி என்பதால் குளத்தை வைத்துச் சொன்னேன். குளத்துக்கு வரத்து சரியாக இருக்கிறது, தண்ணீர் வெளியேறும் மறுகால் அடைத்திருக்கிறது. நீங்கள் எடுத்த ஸ்கேன் கரை உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தது, மறுகாலைப் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் பேசாமல் நின்றவர், அண்ணனிடம் போய்ப் பேசிவிட்டு வந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள் என்றார்.

கடிதத்தில் "தலைவலி, மேல்சிகிச்சைக்கு" என்று எழுதவில்லை. "மூளைச் சிரை உறைவு சந்தேகம். 16 நாள் நோரெத்திஸ்டெரோன். இரு கண்ணிலும் பார்வை நரம்பு வீக்கம். வெறும் சி.டி. நார்மல். எம்.ஆர்.வி. தேவை" என்று எழுதினோம். அவசரப் பிரிவு மருத்துவரிடம் தொலைபேசியிலும் சொன்னோம். நூற்றுக்கணக்கானவர்கள் வந்துபோகும் இடத்தில் தலைவலி என்ற சொல்லோடு போகிறவர் நெடுநேரம் காத்திருக்க நேரும்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போதே வலது கை விரல்கள் துடிக்கத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் உடல் முழுவதும் வலிப்பானது. ஊசி போட்டு நிறுத்தினார்கள். வலிப்பைத் தடுக்கும் லெவெடிராசெட்டாம் தொடங்கினார்கள். தெளிந்த பிறகு வலது கையில் பலம் குறைந்திருந்தது.

படத்தில் நடு உச்சிச் சிரைப்பையிலும் வலப்பக்கக் குறுக்குச் சிரைப்பையிலும் ரத்தம் உறைந்திருந்தது. இடது பக்க மூளையில், உச்சியை ஒட்டி, தேக்கத்தால் வீங்கிய ஒரு பகுதியும் அதற்குள் சிறு ரத்தக்கசிவும். ஆறாம் நாள் எடுத்த சி.டி.யையும் அங்கே திரும்பப் பார்த்தார்கள். இரண்டு படத்துண்டுகளில் நடுச் சிரைப்பை வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது, தேடுகிறவர் கண்ணுக்கு மட்டும் படும் அளவில். சீட்டில் தலைவலி என்று மட்டும் இருக்கும்போது எதைத் தேடுவது என்று ரேடியாலஜிஸ்டுக்கும் தெரியாது.

ரத்தக்கசிவு இருக்கும்போது ஹெப்பாரினா?

குடும்பத்தைக் கலங்க வைத்தது இந்தக் கட்டம். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்கிறார்கள், அடுத்த வாக்கியத்திலேயே ரத்தம் உறையாமலிருக்க ஊசி என்கிறார்கள். மருத்துவம் படிக்காத யாருக்கும் இது முரணாகத்தான் தோன்றும். மருத்துவர்களே பல ஆண்டுகள் தயங்கிய விஷயம் இது.

கசிவு எதனால் என்பதில்தான் பதில் இருக்கிறது. வெளியேறும் வழி அடைபட்டு, பின்னால் அழுத்தம் ஏறி, சிறு சிரைகள் கசிகின்றன. அடைப்பை வளரவிட்டால் கசிவும் வளரும். 1991ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் 10 பேருக்கு ஹெப்பாரினும் 10 பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். வெற்று மருந்துப் பிரிவில் மூன்று பேர் இறந்தார்கள், ஹெப்பாரின் பிரிவில் யாரும் இறக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 20 பேரோடு ஆய்வை நிறுத்திவிட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் சிரை உறைவால் வந்த கசிவு ஹெப்பாரினுக்குத் தடையில்லை என்று இன்று உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல்கள் ஒத்த குரலில் சொல்கின்றன.

உடல் எடை 58 கிலோ. ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸாபாரின் 60 மி.கி. தோலுக்கடியில் நாளுக்கு இரண்டு முறை தொடங்கினார்கள். அழுத்தத்தைக் குறைக்க அசிட்டாசோலமைடு. பார்வையைத் தினமும் சோதித்தார்கள். நினைவு மங்கினால் உடனே அறுவைக்கு எடுக்க நரம்பு அறுவைப் பிரிவுக்கும் தகவல் கொடுத்து வைத்தார்கள். அது தேவைப்படவில்லை.

எதிர்பார்த்திருக்க வேண்டிய உதிரப்போக்கு

தள்ளிப்போடும் மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வரும். இவருக்கும் மூன்றாம் நாள் வந்தது. ஏற்கெனவே அதிகப் போக்கு உள்ளவர், இப்போது ஹெப்பாரினும் உடம்பில். மணிக்கொரு தரம் துணி மாற்ற வேண்டியிருந்தது. ஹீமோகுளோபின் 6.9க்கு இறங்கியது.

வழக்கமாக இதற்குக் கைகொடுக்கும் இரண்டு மருந்துகளும் இங்கே கூடாது. டிரானெக்ஸாமிக் அமிலம் உறைந்த ரத்தத்தைக் கரையவிடாது. புதிதாகச் சிரை உறைவு வந்தவருக்குக் கொடுப்பது ஆபத்து. ஹார்மோன் மாத்திரை கொடுத்து நிறுத்தலாம் என்றால் பிரச்சினை தொடங்கியதே அங்கேதான். ஹெப்பாரினை நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. நரம்பியல் பிரிவும் மகப்பேறு பிரிவும் கூடிப் பேசி, நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தார்கள். இரண்டு யூனிட் சிவப்பணு ஏற்றினார்கள், பிறகு சிரை வழியாக இரும்புச்சத்து. ஆறாம் நாள் போக்கு குறைந்தது.

எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். மாத்திரையை நிறுத்தும் அன்றே மூன்று நாளில் வரப்போகும் உதிரப்போக்கைக் கணக்கில் எடுத்து, ரத்தம் ஏற்பாடு செய்து, மகப்பேறு மருத்துவரைச் சேர்த்துக்கொண்டால் பதற்றத்தில் ஹெப்பாரினை நிறுத்தும் யோசனையே எழாது. இரவுப் பணியில் இருப்பவர் பழக்கத்தில் டிரானெக்ஸாமிக் அமிலம் எழுதிவிடாமலிருக்க, அது கூடாது என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம்.

பிறகு நடந்தவை

ஊசி தொடங்கிய ஐந்தாம் நாள் அவரால் படுத்துத் தூங்க முடிந்தது. கையில் பலம் பத்து நாளில் ஏறக்குறையத் திரும்பியது. இரண்டாம் வாரத்தின் இறுதியில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் இடையே இருக்க வேண்டும். புதிய வகை மாத்திரைகளும் இந்த நோய்க்குப் பயன்படுகின்றன; 2019ல் வெளியான ஆய்வில் டபிகாட்ரான் வார்ஃபரினுக்கு இணையாக நின்றது. இவருக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற, ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் நோய்க்கான பரிசோதனை முடிவு அப்போது வந்திருக்கவில்லை, அந்த நோய் இருந்தால் புதிய மாத்திரைகள் உகந்தவை அல்ல. அதனால் வார்ஃபரின். பின்னர் அந்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

வார்ஃபரின் கண்காணிப்பு எங்களிடம் நடந்தது. இரண்டாவது மாதம் ஐ.என்.ஆர். திடீரென்று 1.4க்கு இறங்கியது. விசாரித்தால், ரத்தம் ஊற வேண்டும் என்று மாமியார் தினமும் முருங்கைக்கீரை செய்து கொடுத்திருக்கிறார். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே அளவு என்று வைத்துக்கொண்டார்கள், மாத்திரை அளவைச் சரிசெய்தோம்.

மூன்றாம் மாத எம்.ஆர்.வி.யில் நடு உச்சிச் சிரைப்பை பெருமளவு திறந்திருந்தது. குறுக்குச் சிரைப்பை பாதி. ஆறு மாதம் முடிந்ததும் வார்ஃபரினை நிறுத்தினார்கள். காரணம் தெளிவு, அது நீங்கியும் விட்டது என்பதால் அதற்குமேல் தேவைப்படவில்லை. வலிப்பு மருந்து இன்னும் தொடர்கிறது. மாதப்போக்குக்குக் கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் வைத்திருக்கிறார்கள். அதன் ஹார்மோன் பெரும்பாலும் கருப்பையோடு நின்றுவிடுவதால் இப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றது. ஹீமோகுளோபின் இப்போது 11.6.

கண்தான் முழுமையாக மீளவில்லை. பார்வை நரம்பு வீக்கம் வடிந்துவிட்டது, நேர்ப்பார்வை நன்றாக இருக்கிறது. ஆனால் இடது கண்ணில் மூக்குப் பக்கக் கீழ்ப்புறம் பார்வைப் பரப்பு கொஞ்சம் குறைந்து நிலைத்துவிட்டது. பழையபடி தைக்கிறார். ஊசியில் நூல் கோக்க மட்டும் மகளைக் கூப்பிடுகிறார். முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தால் இது மிஞ்சியிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நரம்பு வீங்கிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பார்வைக்கு நட்டம்தான்.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு வாரத்துக்குள் தலைவலிக்காக இரண்டாம் முறை வருகிறவர், பழையதுபோல் இல்லாத தலைவலி என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் கண்ணுக்குள் பார்க்காமல் அனுப்புவதில்லை. 10 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களிடமும் செவிலியர் தனியாக மூன்று கேள்வி கேட்கிறார்: கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள், தள்ளிப்போடவோ வரவழைக்கவோ போக்கை நிறுத்தவோ ஏதாவது சாப்பிட்டீர்களா, சமீபத்தில் பிரசவமோ கருக்கலைவோ ஆனதா. ஆபரேஷன் ஆனவரையும் விடுவதில்லை. ஸ்கேன் சீட்டில் தலைவலி என்று மட்டும் எழுதாமல் என்ன சந்தேகம் என்றும் எழுதுகிறோம். வெறும் சி.டி. நார்மல் என்று வந்தால் "கட்டி, கசிவு தெரியவில்லை, சிரைகளை இது காட்டாது" என்று நோயாளியிடமே சொல்லி அனுப்புகிறோம்.

கோயிலுக்காகவும் கல்யாணத்துக்காகவும் தேதி தள்ளிப்போடும் பெண்களிடம் அதைச் செய்யாதீர்கள் என்று சொல்வது என் வேலை இல்லை. லட்சக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள், மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர், குடும்பத்தில் அப்படி நடந்தவர், புதிதாகப் பிள்ளை பெற்றவர், கண்ணில் மின்னல் கீற்றோடு ஒற்றைத் தலைவலி வருகிறவர், அசையாமல் படுக்கையில் இருப்பவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் ஒரு தடவை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தேவையான நாட்களுக்கு மட்டும் சாப்பிட வேண்டும், விரதம் இருந்தாலும் தண்ணீரை விடக் கூடாது. சாப்பிடும் நாட்களிலோ நிறுத்திய சில வாரங்களிலோ விடாத தலைவலி வந்தால் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஊரில் உள்ள மருந்துக்கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசினோம். கொடை மாதங்களில் இந்த மாத்திரைதான் அதிகம் போகிறது, நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள் என்றார் ஒருவர், அது உண்மையும்கூட. சீட்டு இல்லாமல் தருவதில்லை என்று சில கடைகள் நிறுத்தியிருக்கின்றன. மற்ற கடைகளோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த கொடைக்கு முன்னால், சீட்டோடு வருகிறவர்களுக்கும் அட்டையோடு சேர்த்துக் கொடுக்க, விடாத தலைவலி, கால் வீக்கம், நெஞ்சு வலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரியில் ஒரு துண்டுச்சீட்டு அச்சாகிறது. வாசகத்தை எங்கள் மூத்த செவிலியர் எழுதுகிறார்.